ஹட்சன் யார்ட்ஸ்

ஹட்சன் யார்ட்ஸ் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூ யார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் மேற்குப் பகுதியில், இயங்கிக்கொண்டிருக்கும் தொடருந்துப் பணிமனை ஒன்றின் மேல் உருவாக்கப்பட்ட கலப்புப் பயன்பாட்டுக் கட்டிடத் தொகுதி ஆகும். அலுவலகங்கள், வீடுகள், கடைகள், தங்குவிடுதி, கலைக்கூடம், பொதுச் சதுக்கம் என்பன இதில் அடங்கியுள்ளன. ரிலேட்டட், ஆக்ஸ்போர்டு புராபர்ட்டீஸ் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து இதனை மேற்கொண்டன. திட்டத்தின் மொத்தப் பரப்பளவு சுமார் 28 ஏக்கர் (ஏறத்தாழ 11 ஹெக்டேர்). இதன் கிழக்குப் பகுதி 2019 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மேற்குப் பகுதியில் பணிமனையின் மேல் தளம் அமைக்கும் வேலை 2025 ஆம் ஆண்டு வரையிலும் முடிவடையவில்லை.

ஒரு கட்டிடத்தை வடிவமைப்பவர் வழக்கமாக நிலத்தை ஏற்கெனவே இருக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்வார். பணிமனையின் மேல் கட்டும்போது நிலத்தையே முதலில் கட்டவேண்டும். தூண்கள் எங்கே வரலாம், கோபுரம் எங்கே நிற்கலாம், மரம் எங்கே வளரலாம் என்பவற்றைக் கீழேயுள்ள தண்டவாளங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. செயற்கை நிலத்தை உருவாக்கும் செலவை யார் ஏற்பது, அதனால் கிடைக்கும் பயன் யாரைச் சேர்வது என்ற கேள்விகளும் இதனுடன் சேர்ந்தே எழுகின்றன. ஹட்சன் யார்ட்ஸ் இவ்விரு வகைச் சிக்கல்களுக்கும் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

பணிமனை

இத்தொகுதியின் கீழுள்ள பணிமனை மேற்குப்பக்கப் பணிமனை என அழைக்கப்படுகின்றது. இதன் அலுவல்முறைப் பெயர் ஜான் டி. கெமரர் மேற்குப்பக்கப் பணிமனை என்பதாகும். இது பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சொந்தமானது. அதன் துணை அமைப்பான லாங் ஐலண்ட் தொடருந்துச் சேவை இதனைப் பயன்படுத்துகின்றது. மேற்கு 30 ஆம் தெருவுக்கும் 33 ஆம் தெருவுக்கும் இடையே, 10 ஆம் நிழற்சாலையில் இருந்து 12 ஆம் நிழற்சாலை வரை இது பரந்துள்ளது. இதில் 30 தடங்கள் உள்ளன. 11 ஆம் நிழற்சாலை இதனைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கின்றது.

இப்பணிமனை 1980களில் அமைக்கப்பட்டது. காலையில் புறநகர்களில் இருந்து பயணிகளை ஏற்றிவரும் தொடருந்துகள் பென்சில்வேனியா நிலையத்தில் அவர்களை இறக்கிவிட்ட பின்னர், மாலை வரையில் அவற்றுக்கு அதிக வேலை இல்லை. நிறுத்துவதற்கு அருகில் இடம் இல்லாதபோது அவை வெறுமையாகவே ஆற்றைக் கடந்து கிழக்கே திரும்பவேண்டி இருந்தது. நிலையத்துக்கு மேற்கே பணிமனை அமைந்தபின், தொடருந்துகளைப் பகலில் அங்கே நிறுத்தி வைக்கவும், துப்புரவு செய்யவும், சோதிக்கவும் முடிந்தது. ஆகவே இப்பணிமனை சில நாட்கள் மூடப்பட்டாலும் அதன் விளைவை மாலையில் வீடு திரும்பும் பயணிகள் உடனடியாக உணர்வர். மேலே எதைக் கட்டினாலும் கீழே பணி நிற்கக்கூடாது என்ற நிபந்தனை இதிலிருந்தே எழுந்தது.

பணிமனையை அமைத்தபோதே, பிற்காலத்தில் மேலே கட்டிடங்கள் வரக்கூடும் என எதிர்பார்த்து, தடங்களுக்கு இடையே சில இடங்களில் தூண்களுக்கு இடம் விடப்பட்டிருந்தது. இத்தகைய முன்னேற்பாடு இல்லாத பணிமனைகளில், தடங்களை நகர்த்தி அமைத்த பின்னரே மேலே கட்ட முடியும். அது மிகுந்த செலவையும் காலத்தையும் வேண்டுவது.

வான்வெளி உரிமை

நிலத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ள வெளியில் கட்டும் உரிமையை மட்டும் பிறருக்கு விற்பது அல்லது குத்தகைக்கு விடுவது வான்வெளி உரிமை எனப்படுகின்றது. நியூ யார்க் நகரில் இக்கருத்து பெரிய அளவில் செயல்வடிவம் பெற்றது கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலாகும். 1902 ஆம் ஆண்டு சனவரியில், பார்க் நிழற்சாலையின் கீழுள்ள சுரங்கத்தில் நீராவிப் புகையின் நடுவே தொடருந்துகள் மோதிக்கொண்டதில் 15 பேர் இறந்தனர். இதைத் தொடர்ந்து, 1908 ஆம் ஆண்டுக்குப் பின்னர் மன்ஹாட்டனுக்குள் நீராவி எந்திரங்கள் வருவதற்குச் சட்டம் தடை விதித்தது. நியூ யார்க் சென்ட்ரல் தொடருந்து நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த வில்லியம் வில்கஸ், தொடருந்துகளை மின்மயமாக்கித் தடங்களை நிலத்துக்குக் கீழே இரண்டு மட்டங்களில் அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். புகை இல்லாததால் தடங்களை மூடிவிடலாம் என்பதும், மூடிய பரப்பின் மேல் கட்டும் உரிமையைக் கொண்டு செலவை ஈடுசெய்யலாம் என்பதும் அவரது கருத்துக்களாகும்.

1913 ஆம் ஆண்டில் நிலையம் திறக்கப்பட்டது. அதன் வடக்கே, தடங்களுக்கு மேல் பார்க் நிழற்சாலையும், அதன் இரு பக்கங்களிலும் தங்குவிடுதிகள், அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள் என்பனவும் எழுந்தன. வால்டோர்ப் அஸ்டோரியா விடுதியின் 1931 ஆம் ஆண்டுக் கட்டிடம் இவற்றுள் ஒன்று. 2025 இல் திறக்கப்பட்ட ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் புதிய தலைமையகமும் இதே தடங்களின் மேலேயே நிற்கின்றது. 423 மீட்டர் உயரமான அக்கோபுரத்தின் தூண்கள், தடங்களுக்கு இடையே கிடைத்த சில இடங்களில் மட்டும் தரையைத் தொடும்படி, விசிறி போலக் கீழ்நோக்கிக் குவிந்து வருகின்றன.

வேறு நாடுகளிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. ஹாங்காங்கில் கௌலூன் விரிகுடாப் பணிமனையின் மேல் 41 அடுக்குமாடிக் கட்டிடங்களைக் கொண்ட டெல்போர்டு கார்டன்ஸ் 1980களின் தொடக்கத்தில் அமைந்தது. நிலையத்தையும் பணிமனையையும் சார்ந்த நிலத்தில் கிடைக்கும் இலாபத்தைத் தொடருந்துப் பாதை அமைக்கப் பயன்படுத்தும் முறை அங்கே நிலைபெற்றுவிட்டது. இலண்டனில் லிவர்பூல் தெரு நிலையத்துக்குச் செல்லும் தடங்களின் மேல் 1990 இல் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் என்ற 10 மாடி அலுவலகம் கட்டப்பட்டது. பாலத்தைப் போன்று, உருக்கு வளைவுகளில் இருந்து தாங்கப்படும் இக்கட்டிடம் 78 மீட்டர் அகலத்தைத் தாண்டி நிற்கின்றது.

திட்டத்தின் வரலாறு

2005 ஆம் ஆண்டு சனவரியில் நியூ யார்க் நகரம் மன்ஹாட்டனின் இப்பகுதிக்கான நிலப்பயன்பாட்டு விதிகளை மாற்றியது. அதுவரை களஞ்சியங்களும் தொழிற்கூடங்களும் மிகுந்திருந்த இடத்தில் உயர்ந்த அலுவலகங்களையும் வீடுகளையும் கட்டுவதற்கு இதனால் வழி ஏற்பட்டது. அதே காலத்தில், மேற்குப் பணிமனையின் மேல் ஒரு விளையாட்டரங்கைக் கட்டும் திட்டமும் இருந்தது. நியூ யார்க் ஜெட்ஸ் அணியின் அரங்காகவும், 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்கான முதன்மை அரங்காகவும் அது எண்ணப்பட்டது. 2005 சூனில் மாநில அளவிலான கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் கிடைக்காமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர் போக்குவரத்து ஆணையம் பணிமனையின் வான்வெளி உரிமைக்கு ஏலம் கோரியது. 2008 மார்ச்சில் டிஷ்மன் ஸ்பையர் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும் உடன்பாடு மே மாதத்தில் முறிந்துபோனது. அதே மாதத்திலேயே ரிலேட்டட் நிறுவனம் அவ்விடத்துக்கு வந்தது. சுமார் 1 பில்லியன் டாலர் பெறுமதி கொண்ட 99 ஆண்டுக் குத்தகையே உடன்பாட்டின் அடிப்படை. அவ்வாண்டின் நிதி நெருக்கடியால் வேலை தொடங்குவது தள்ளிப்போனது. 2010 இல் ஆக்ஸ்போர்டு புராபர்ட்டீஸ் பங்காளியாகச் சேர்ந்தது. 2012 டிசம்பரில் முதற் கட்டிடத்துக்கான வேலை தொடங்கியது. பணிமனையின் மேல் தளம் அமைக்கும் வேலை 2014 இல் தொடங்கியது.

தொகுதியின் ஒட்டுமொத்த அமைப்புத் திட்டத்தைக் கோன் பெடர்சன் பாக்ஸ் என்ற கட்டிடக்கலை நிறுவனம் உருவாக்கியது.

வடிவமைப்பு

தாங்குமேடை

தடங்களுக்கு மேலே, கட்டிடங்களையும் சதுக்கத்தையும் தாங்குவதற்காக அமைக்கப்படும் உருக்கு, காங்கிறீட்டுத் தளமே தாங்குமேடை ஆகும். கிழக்குப் பகுதியின் தாங்குமேடை சுமார் 10 ஏக்கர் பரப்புக் கொண்டது. தடங்களுக்கு இடையே கிடைத்த ஒடுக்கமான இடங்களில் துளையிட்டு, அடிப்பாறை வரையில் இறக்கப்பட்ட சுமார் 300 ஆழ்தூண்கள் இதனைத் தாங்குகின்றன. இவற்றின் விட்டம் பொதுவாக 4 முதல் 5 அடி. பாறையின் ஆழத்துக்கு ஏற்ப இவை 40 முதல் 80 அடி வரை இறங்குகின்றன. மேடையில் சுமார் 25,000 தொன் உருக்குப் பயன்பட்டுள்ளது.

பணிமனையின் நிலப்பரப்பில் 38 விழுக்காடு அளவிலேயே தூண்களை ஊன்ற முடிந்தது. எஞ்சிய பரப்பு முழுவதும் தடங்களுக்கும், அவற்றை மாற்றும் அமைப்புக்களுக்கும், தொடருந்துப் பணியாளர் நடமாடும் வழிகளுக்கும் விடப்பட்டது. இதில் மிகக் கடினமான பகுதி பணிமனையின் கழுத்துப் பகுதி ஆகும். 30 தடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, 10 ஆம் நிழற்சாலைப் பக்கமாகப் பென்சில்வேனியா நிலையத்தை நோக்கி ஒடுங்கிச் செல்லும் இடம் இது. தடங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் இங்கே தூண்களுக்கு இடமே இல்லை எனலாம். எனவே முக்கோணங்களாகப் பிணைக்கப்பட்ட ஆழமான உருக்குச் சட்டகங்களைக் கொண்டு இதனைத் தாண்டவேண்டி இருந்தது. தாண்டும் தூரம் கூடுமானால் சட்டகத்தின் ஆழமும் கூடவேண்டும். கீழே தொடருந்துக்குத் தேவையான உயரத்தைக் குறைக்க முடியாது ஆகையால், மேலுள்ள தளத்தின் மட்டத்தையே உயர்த்தவேண்டும். தளம் தெருவை விட உயர்ந்தால், தெருவில் இருந்து உள்ளே வருபவருக்குப் படிகளும் சாய்தளங்களும் தேவைப்படும். இவ்வாறு, தண்டவாளங்களின் வளைவு ஒன்று, நடந்து வருபவர் ஏறவேண்டிய படிகளின் எண்ணிக்கை வரை தனது விளைவைக் காட்டுகின்றது.

கோபுரங்களின் அமைவிடம்

பணிமனையின் மேல் கட்டப்படும் கோபுரத்தின் சுமை, மேடையின் மேல் வைக்கப்படுவதாக எண்ணுவது தவறு. கோபுரத்தின் தூண்கள் மேடையை ஊடுருவிக்கொண்டு கீழே இறங்கி நேரடியாக அடிப்பாறையில் ஊன்றுகின்றன. சதுக்கம், மரங்கள், தாழ்வான கட்டிடங்கள் ஆகியவற்றின் சுமையையே மேடை பெரும்பாலும் தாங்குகின்றது. உயர்ந்த கட்டிடத்தில் மின்தூக்கிகள், படிக்கட்டுக்கள், குழாய்கள் என்பவற்றை உள்ளடக்கிய நடுக்கூடே காற்று விசையை எதிர்ப்பதில் முதன்மையான பங்கு வகிக்கின்றது. அது தொடர்ச்சியாகத் தரை வரை இறங்குவது நல்லது. தடங்களின் மேல் இது எல்லா இடத்திலும் இயலாது. ஆகவே கோபுரங்களைப் பணிமனையின் ஓரங்களில், தூண்களுக்கு இடம் கிடைக்கும் பகுதிகளில் நிறுத்தி, நடுப்பகுதியைத் திறந்த சதுக்கமாக விடுவது இயல்பான தீர்வாக அமைகின்றது. கிழக்குப் பகுதியின் அமைப்பு இவ்வாறே உள்ளது. கழுத்துப் பகுதியின் பக்கத்தில், இரண்டு அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே, ஒப்பீட்டளவில் தாழ்ந்த ஏழு தளக் கடைத்தொகுதி இடம்பெற்றுள்ளது.

முதலாவதாகக் கட்டப்பட்ட 10 ஹட்சன் யார்ட்ஸ் என்ற 52 தள அலுவலகக் கோபுரம், பணிமனையின் தென்கிழக்கு மூலையில் பெரும்பாலும் உறுதியான நிலத்திலேயே நிற்கின்றது. மேடை முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத கட்டிடத்தை முதலில் எழுப்பியதால், மேடைக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோதே அதற்கு வாடகையாளர் வரத் தொடங்கினர். இக்கோபுரம் 2016 மே மாதத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் கட்டும் ஒழுங்குவரிசையும் வடிவமைப்பின் ஒரு பகுதியே என்பதற்கு இது சான்றாகும்.

தொடருந்துகளுக்கு மேலே கட்டுதல்

கட்டுமானம் நடந்த காலம் முழுவதும் பணிமனை இயங்கியது. ஒரே நேரத்தில் சில தடங்களை மட்டுமே பயன்பாட்டில் இருந்து விலக்க அனுமதி இருந்தது. அவ்வாறு விலக்கப்பட்ட தடங்களில் துளையிடும் எந்திரங்களைக் கொண்டுவந்து வேலையை முடித்து, அவற்றைத் திருப்பிக் கொடுத்த பின்னரே அடுத்த தடங்களைப் பெறமுடியும். லாங் ஐலண்ட் தொடருந்துகள் பெரும்பாலும் மூன்றாம் தண்டவாளத்தில் இருந்து மின்சாரம் பெறுபவை. ஆகவே தடங்களுக்கு அருகில் வேலை செய்யும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதும் தொடருந்துச் சேவையின் நேர அட்டவணையோடு இணைக்கப்படவேண்டும். இதன் காரணமாக, உருக்குத் துண்டுகளை வேறிடத்தில் பெரிய அளவில் பொருத்தி எடுத்து, குறுகிய நேரத்தில் பாரந்தூக்கிகளைக் கொண்டு அமர்த்துவது வசதியாகின்றது. ஒருமுறை மேடையின் ஒரு பகுதி மூடப்பட்டுவிட்டால், அதற்கு மேலே வழக்கமான கட்டிட வேலை தொடருந்துகளைப் பாதிக்காமல் நடக்கலாம்.

மேடை மூடப்பட்டதும் பணிமனையின் தன்மையும் மாறிவிடுகின்றது. திறந்த வெளியாக இருந்த இடம் ஒரு பெரிய அறை ஆகின்றது. காற்றோட்டம், விளக்குகள், தீயணைப்பு நீர், புகையை வெளியேற்றும் வழி, பணியாளர் தப்பிச் செல்வதற்கான படிகள் என்பன புதிதாகத் தேவைப்படுகின்றன. இவற்றுக்கான காற்றுப்போக்கிகளும் படிக்கூடங்களும் மேலுள்ள சதுக்கத்திலோ கட்டிடங்களின் ஊடாகவோ வெளியே வரவேண்டும். இதற்கான இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்காவிட்டால், பின்னர் கடைகளுக்கும் நுழைவாயில்களுக்கும் உரிய இடங்களை அவை பிடித்துக்கொள்ளும்.

வெப்பமும் மரங்களும்

நிறுத்தி வைக்கப்பட்டுள்ள தொடருந்துகளின் குளிரூட்டிகள் வெப்பத்தை வெளிவிடுகின்றன. மேடையின் கீழ் வெப்பநிலை 65 பாகை செல்சியசு வரை உயரக்கூடும் எனக் கணக்கிடப்பட்டது. தாரை எந்திரங்களில் பயன்படுவதைப் போன்ற 15 விசிறிகள் இவ்வெப்பத்தை வெளியேற்றுகின்றன. இவ்வெப்பம் மேடை வழியாக மேலேறினால் மரங்களின் வேர்கள் பட்டுப்போய்விடும். எனவே மண்ணுக்குக் கீழே குளிர்ந்த நீர்மம் ஓடும் குழாய் வலையமைப்பு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. சாதாரண நிலத்தில் வேர் கீழ்நோக்கிச் செல்லும். இங்கே ஆழம் குறைவு ஆகையால், வேர்கள் பக்கவாட்டில் பரவுமாறு மண் தொடர்ச்சியான பரப்பாக அமைக்கப்படவேண்டும். நெல்சன் பர்டு வோல்ட்ஸ் என்ற நிலத்தோற்றக்கலை நிறுவனம் வடிவமைத்த சுமார் 5 ஏக்கர் சதுக்கத்திலும் தோட்டங்களிலும் 28,000 செடிகளும் 200க்கு மேற்பட்ட மரங்களும் நடப்பட்டன.

மண்ணில் விழும் மழைநீர் இயல்பாக நிலத்துக்குள் இறங்க வழியில்லை. அது சேகரிக்கப்பட்டுச் செடிகளுக்கும் கட்டிடங்களின் குளிரூட்டும் அமைப்புக்கும் பயன்படுத்தப்படுகின்றது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே உருவாக்கும் நிலையம் ஒன்றும் இத்தொகுதிக்குள்ளேயே உள்ளது.

வருங்காலச் சுரங்கப்பாதைக்கான இடம்

ஹட்சன் ஆற்றின் கீழே நியூ செர்சி மாநிலத்தையும் நியூ யார்க்கையும் இணைக்கும் தொடருந்துச் சுரங்கங்கள் 1910 இல் திறக்கப்பட்டவை. அவற்றுக்குத் துணையாகப் புதிய சுரங்கங்களை அமைக்கும் திட்டத்தின் பாதை இப்பணிமனையின் கீழாகவே செல்கின்றது. கோபுரங்களின் தூண்கள் ஊன்றப்பட்ட பின்னர் அப்பாதைக்கு இடம் கிடைக்காது. 2012 அக்டோபரில் சாண்டிச் சூறாவளியின்போது பழைய சுரங்கங்களுக்குள் உப்புநீர் புகுந்தது. அதன் பின்னர் ஒதுக்கப்பட்ட நடுவண் அரசு நிதியைக் கொண்டு, 2013 முதல் கிழக்குப் பணிமனையின் கீழே சுமார் 800 அடி நீளத்துக்குக் காங்கிறீட்டுப் பெட்டி ஒன்று கட்டப்பட்டது. உள்ளே தண்டவாளம் எதுவும் இல்லாத இப்பெட்டி, வருங்காலத் தொடருந்துகளுக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட வெற்றிடமே. மேற்குப் பணிமனையின் கீழே இதன் தொடர்ச்சியை அமைக்கும் வேலை 2023 இல் தொடங்கப்பட்டது. மேலே கட்டுபவர் கீழேயுள்ள இன்றைய தேவையை மட்டுமன்றி, நாளைய தேவையையும் அடைத்துவிடக்கூடாது என்பதற்கு இப்பெட்டி நல்ல எடுத்துக்காட்டாகும்.

பயன்பாடுகள்

கிழக்குப் பகுதியிலுள்ள முதன்மைக் கட்டிடங்கள் பின்வருவன:

- 10 ஹட்சன் யார்ட்ஸ்: அலுவலகக் கோபுரம். 2016 இல் திறக்கப்பட்டது. ஹை லைன் எனப்படும் உயர்மட்டப் பூங்காவின் கிளை இதன் ஊடாகச் செல்கின்றது.
- 20 ஹட்சன் யார்ட்ஸ்: கடைத்தொகுதியும் உணவகங்களும். 2019 இல் திறக்கப்பட்டது.
- 30 ஹட்சன் யார்ட்ஸ்: 387 மீட்டர் உயரமான அலுவலகக் கோபுரம். எட்ஜ் என்னும் திறந்தவெளிப் பார்வைமேடை இதில் 2020 மார்ச்சில் திறக்கப்பட்டது.
- 15 ஹட்சன் யார்ட்ஸ்: வீடுகள்.
- 35 ஹட்சன் யார்ட்ஸ்: வீடுகள், தங்குவிடுதி, அலுவலகம் ஆகியவற்றைக் கொண்டது.
- த ஷெட்: நிகழ்கலை, காண்கலைகளுக்கான கூடம். 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இதன் வெளிக்கூடு சக்கரங்களில் நகர்ந்து சதுக்கத்தை மூடவும் திறக்கவும் வல்லது.
- வெசல்: தோமஸ் ஹெதர்விக் வடிவமைத்த, 154 படிக்கட்டுத் தொடர்களைக் கொண்ட ஏறிப் பார்க்கக்கூடிய அமைப்பு.

50, 55 ஹட்சன் யார்ட்ஸ் ஆகிய அலுவலகக் கோபுரங்கள் இதே திட்டத்தின் பகுதிகள் ஆயினும், பணிமனையின் மேல் அமையாமல் அதற்கு வடக்கே உள்ளன.

பல பயன்பாடுகளை ஒரே இடத்தில் வைப்பதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. அலுவலகங்கள் பகலிலும், வீடுகளும் விடுதிகளும் இரவிலும், கடைகளும் கலைக்கூடங்களும் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் மக்களைக் கொண்டுவருகின்றன. ஒரு பயன்பாட்டின் தேவை குறையும்போது இன்னொன்று தாங்கக்கூடும். இதற்கான தேவை விரைவிலேயே ஏற்பட்டது. கடைத்தொகுதியின் முதன்மை வாடகையாளராக இருந்த நீமன் மார்கஸ் பல்பொருள் அங்காடி, பெருந்தொற்றுக் காலத்தில், 2020 இல் மூடப்பட்டது. அவ்விடத்தை அலுவலகமாகப் பயன்படுத்துவதற்காக 2023 இல் வெல்ஸ் பார்கோ வங்கி வாங்கியது.

போக்குவரத்து இணைப்பு

தொடருந்துகளின் மேலேயே அமைந்திருந்தும், பணிமனையில் பயணிகள் ஏறி இறங்க முடியாது. அருகிலுள்ள சுரங்கத் தொடருந்து நிலையங்களும் தொலைவில் இருந்தன. எனவே நகர அரசு 7 ஆம் எண் சுரங்கத் தொடருந்துப் பாதையை டைம்ஸ் சதுக்கத்தில் இருந்து சுமார் 2.4 கிலோமீட்டர் நீட்டியது. 34 ஆம் தெரு - ஹட்சன் யார்ட்ஸ் நிலையம் 2015 செப்டம்பர் 13 இல் திறக்கப்பட்டது. இதன் செலவு சுமார் 2.4 பில்லியன் டாலர். 10 ஆம் நிழற்சாலையில் அமைவதாக இருந்த இன்னொரு நிலையம் செலவு கருதிக் கைவிடப்பட்டது. புதிய பகுதியை அடையும் வசதி கிடைத்தது. ஆனால் பாதை செல்லும் வழியில் ஏற்கெனவே வாழ்ந்துவந்த மக்களுக்கு நிலையம் கிடைக்கவில்லை.

நிதி

சுரங்கத் தொடருந்துப் பாதைக்கும் பூங்காக்களுக்கும் பணம் திரட்டுவதற்காக நகரம் ஒரு தனி உள்கட்டமைப்புக் கழகத்தை நிறுவியது. அது 2006 இலும் 2011 இலும் மொத்தம் 3 பில்லியன் டாலருக்குக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. புதிய கட்டிடங்கள் வரிக்கு ஈடாகச் செலுத்தும் தொகைகளைக் கொண்டு இக்கடனை அடைப்பது திட்டமாகும். கட்டிடங்கள் எதிர்பார்த்த வேகத்தில் எழாத ஆண்டுகளில் வட்டியின் ஒரு பகுதியை நகரம் தனது பாதீட்டில் இருந்தே செலுத்த நேர்ந்தது. போக்குவரத்து ஆணையம், குத்தகையில் வரவிருக்கும் வருமானத்தின் மீது 2016 இல் 1 பில்லியன் டாலருக்கு மேல் கடன்பத்திரங்களை வெளியிட்டுத் தனது மூலதனத் திட்டங்களுக்குப் பணம் பெற்றது.

இத்தகைய திட்டங்களில் மேடையின் செலவு ஒரு நிலையான சுமையாகும். ஒரு மாடி கட்டினாலும் ஐம்பது மாடி கட்டினாலும் நிலத்தை உருவாக்கும் செலவு பெரிதும் மாறுவதில்லை. அதனைப் பகிர்ந்துகொள்ளக் கட்டிடப்பரப்பு மிகுந்திருக்கவேண்டும். வாடகையும் உயர்ந்திருக்கவேண்டும். பணிமனைகளின் மேல் எழும் கட்டிடங்கள் பொதுவாக மிக உயரமாகவும், விலை கூடியனவாகவும் இருப்பதற்கு இது முக்கியமான காரணமாகும்.

விமர்சனங்கள்

தனியார் முதலீடு என்று கூறப்பட்டபோதிலும், இத்திட்டத்துக்கு வரிச்சலுகைகளாகவும் பிற உதவிகளாகவும் கிடைத்த பொதுப்பணம் ஏறத்தாழ 6 பில்லியன் டாலர் என, பொது ஆவணங்களையும் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றையும் கொண்டு 2019 இல் மதிப்பிடப்பட்டது. முதலீடு செய்யும் வெளிநாட்டவருக்கு நிலையான வதிவிட அனுமதி வழங்கும் ஈபி-5 திட்டத்தின் வழியாகவும் 1.2 பில்லியன் டாலருக்குக் குறையாத தொகை திரட்டப்பட்டது. வேலையின்மை மிகுந்த பகுதிகளுக்கு அத்திட்டத்தில் சலுகை உண்டு. மன்ஹாட்டனின் நடுவிலுள்ள இவ்விடத்தை, ஹார்லெமில் உள்ள பொதுக் குடியிருப்புக்களோடு ஒரே பகுதியாக இணைத்து எல்லை வரைந்தே இச்சலுகை பெறப்பட்டது. இது பரவலான கண்டனத்துக்கு உள்ளானது. மறுபுறத்தில், திறந்த பள்ளமாகக் கிடந்த இடத்தில் இருந்து வரி வருமானமும் வேலைகளும் கிடைக்கின்றன என்றும், பொதுப் போக்குவரத்து வசதி உள்ள இடத்தில் அலுவலகங்களை நெருக்கமாக அமைப்பது நகருக்கு நன்மையே என்றும் ஆதரவாளர் கூறுகின்றனர்.

கட்டிடக்கலை விமர்சகர்கள் பலர், இத்தொகுதி சுற்றியுள்ள தெருக்களோடு இயல்பாக இணையவில்லை எனக் குறை கூறினர். மேடையின் மட்டமும் தெருவின் மட்டமும் எல்லாப் பக்கங்களிலும் ஒன்றாக அமையாமையும், 10 ஆம் நிழற்சாலையில் இருந்து வருபவர் கடைத்தொகுதி ஊடாக மேலேறிச் சதுக்கத்தை அடைவதும் இதற்குக் காரணங்களாகும். இவற்றுள் ஒரு பகுதி வடிவமைப்பாளரின் தெரிவு. இன்னொரு பகுதி கீழேயுள்ள தடங்களின் விளைவு.

வெசல் அமைப்பில் இருந்து விழுந்து நால்வர் உயிரிழந்ததைத் தொடர்ந்து 2021 இல் அது மூடப்பட்டது. தடுப்புச் சுவர்களின் உயரம் போதாது என்ற கருத்து அது கட்டப்படுவதற்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. உருக்குக் கம்பிவலைகள் பொருத்தப்பட்ட பின்னர் 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த மட்டம் மூடப்பட்டே இருந்தது.

மேற்குப் பகுதி

11 ஆம் நிழற்சாலைக்கு மேற்கேயுள்ள பணிமனையின் நிலப்பயன்பாட்டு விதிகள் 2009 டிசம்பரில் மாற்றப்பட்டன. வீடுகளையும் பள்ளிக்கூடம் ஒன்றையும் திறந்த வெளிகளையும் முதன்மையாகக் கொண்ட திட்டம் அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் மேடைக்கான செலவை வீடுகளால் மட்டும் ஈடுசெய்வது கடினமாக இருந்தது. சூதாட்ட மனை ஒன்றை இங்கே அமைக்கும் எண்ணம் பின்னர் முன்வைக்கப்பட்டு, அதில் பங்கேற்ற வின் நிறுவனம் 2025 மே மாதத்தில் விலகியதோடு கைவிடப்பட்டது. அதன் பின்னர் வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. ஹை லைன் பூங்காவின் 2014 இல் திறக்கப்பட்ட பகுதி இப்பணிமனையைச் சுற்றிச் செல்கின்றது. அங்கே நின்று பார்ப்பவர், ஒரு பக்கம் திறந்த வெளியில் வரிசையாக நிற்கும் தொடருந்துகளையும், மறுபக்கம் அதே தடங்கள் கோபுரங்களின் கீழே மறைவதையும் காணலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- கிராண்ட் சென்ட்ரல் நிலையம்
- வான்வெளி உரிமை
- வானளாவி
- நகரத் திட்டமிடல்
- ஹை லைன்